தப்பு பண்ண கோச் என்.எஃப்.எல்.லுக்கு, தண்டனை 18 வயசு பையனுக்கு: காலேஜ் ஃபுட்பால்ல இது எந்த ஊர் நியாயம்?

கொலம்பஸ்காரன்
ஆகஸ்ட் 2025ல மிச்சிகன் தீர்ப்பு வந்ததுலேர்ந்து உள்ளுக்குள்ளயே பொருமிக்கிட்டு இருந்தேன், இன்னிக்கு எழுதியே தீரணும்னு உக்காந்துட்டேன். நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

கதை தெரியாதவங்களுக்கு: இது அமெரிக்கன் ஃபுட்பால், மிச்சிகன் யுனிவர்சிட்டி டீம்ல கானர் ஸ்டாலியன்ஸ்னு ஒரு சின்ன ஸ்டாஃப். அடுத்து யார்கூட ஆடப்போறாங்களோ அந்த டீமோட மேட்சுக்கெல்லாம் டிக்கெட் வாங்கி ஆள் அனுப்பி, அடுத்து என்ன ஆடணும்னு சைட்லைன்ல கோச்சுங்க காட்டுற சிக்னலை ஃபோன்ல பிடிச்சிட்டு வரச் சொல்லியிருக்கான். நேர்ல போய் வேவு பாக்கக்கூடாதுன்னு 1994லேர்ந்து ரூல் இருக்கு. 2023 அக்டோபர்ல விஷயம் வெளிய வந்துச்சு, நவம்பர்ல மிச்சிகன் ஆடுற லீக்கான பிக் டென், அவங்க ஹெட் கோச் ஹார்பாவை மூணு மேட்ச் உக்கார வச்சுது, அந்த மூணையும் ஜெயிச்சானுங்க (மூணாவது எங்க ஓஹியோ ஸ்டேட்கூட, 30-24, அதைப் பத்தி பேச விரும்பல). 2024 ஜனவரில வாஷிங்டனை 34-13 அடிச்சு நேஷனல் சாம்பியன். அதே மாசம் ஹார்பா பெட்டியைத் தூக்கிட்டு என்.எஃப்.எல்.ங்கற ப்ரொஃபஷனல் லீக்ல சார்ஜர்ஸ் டீமுக்குப் போயாச்சு.

இப்ப தீர்ப்பு என்ன? 50,000 டாலர், அதோட ஃபுட்பால் பட்ஜெட்ல 10 சதவீதம், ரெண்டு சீசன் போஸ்ட்சீசன்ல (சீசன் முடிஞ்சு நடக்குற பெரிய மேட்சுங்க) வரவேண்டிய வருமானத்துக்கு ஈடா ஒரு தொகை. எல்லாம் சேர்த்தா 2 கோடி டாலருக்கு மேல, 3 கோடியக்கூட தாண்டலாம்ங்கறாங்க. ஆனா பௌல்ங்கற அந்த போஸ்ட்சீசன் மேட்சுக்கு தடை இல்ல, ஜெயிச்ச மேட்ச் ஒண்ணும் போகல, கோப்பை அங்கயேதான் இருக்கு. காலேஜ் ஸ்போர்ட்ஸை நடத்துற என்.சி.ஏ.ஏ.வோட கமிட்டியே என்ன சொல்லுதுன்னா, போஸ்ட்சீசன் தடை போடுற அளவு தப்புதான், ஆனா இப்ப ஆடுற பசங்களுக்கு அது அநியாயமாயிடும்னு போடலையாம்.

நல்ல மனசு. அந்த மனசு 2012ல எங்க போச்சு? எங்க ஓஹியோ ஸ்டேட் பசங்க அந்த வருஷம் 12-0. ஒரு தோல்வி இல்ல. பௌல் கிடையாது, சாம்பியன்ஷிப் கிடையாது, நவம்பரோட மூட்டை கட்டிட்டு வீட்டுக்குப் போனாங்க. ஏன்னா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி டெரெல் ப்ரையர் உள்ளிட்ட அஞ்சு பேர் தங்களோட சொந்த மோதிரத்தையும் ஜெர்சியையும் குடுத்து டாட்டூவும் காசும் வாங்கினாங்க. மாமியார் உடைச்சா மண்குடம்னு இதைத்தான் சொல்லியிருக்காங்க போல.

ஆன் ஆர்பர் அடியேன்
வந்துட்டார்யா. நான் மிச்சிகன் யுனிவர்சிட்டி ஊர்ல எம்.எஸ். பண்ணவன், பக்கச்சார்பு இருக்கும், முன்னாடியே சொல்லிடறேன்.

ஒண்ணு, எதிரி சிக்னலைப் படிக்கிறது தப்பே இல்ல, டிவில பாத்து எல்லா டீமும் பண்ணுவான், உங்க டீம் உட்பட. நேர்ல ஆள் அனுப்பினதுதான் தப்பு. ரெண்டு, என்.எஃப்.எல்.ல கோச் பேசறதைக் கேக்க ஹெல்மெட்டுக்குள்ள ரேடியோ வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, காலேஜுக்கு 2024ல தான் விட்டாங்க, அதை முன்னாடியே விட்டிருந்தா இந்த வேவு தொழிலே இருந்திருக்காது.

மூணு, இதுதான் முக்கியம். உங்க 2012 டீமோட வயித்துல அடிச்சது என்.சி.ஏ.ஏ. மட்டுமில்ல தல, உங்க நிர்வாகமும்தான். 2011 சீசன்ல உங்க ரெக்கார்ட் 6-6. அந்த வருஷமே நீங்களா பௌலை விட்டுக் குடுத்திருந்தா கணக்கு தீர்ந்திருக்கும்னு அப்பவே எல்லாரும் சொன்னாங்க. மியாமி அதைத்தான் பண்ணான், தானாவே ரெண்டு வருஷம் பௌல் வேண்டாம்னு ஒதுங்கினான், 2013ல தீர்ப்பு வந்தப்ப புதுசா பௌல் தடை இல்ல. நீங்க என்ன பண்ணீங்க? ஒண்ணும் வராதுன்னு நம்பிக்கிட்டு கேட்டர் பௌலுக்குப் போய் ஃப்ளோரிடாகிட்ட 24-17 தோத்துட்டு 6-7னு வந்தீங்க. அந்த மேட்சுக்குப் போக 12-0 டீமை அடகு வச்சீங்க.

கொலம்பஸ்காரன்
இதுக்கு என்கிட்ட பதில் இல்ல, அந்த கேட்டர் பௌலுக்கு நான் விமான டிக்கெட் எடுத்து வேற போனேன்.

சோழிங்கநல்லூர் சோம்பேறி
அண்ணே ஒரு சந்தேகம், நான் ராத்திரி முழிச்சு மேட்ச் பாக்குறவன், ரூல் எல்லாம் அரைகுறை. கோச்சுக்கு தண்டனையே இல்லையா அப்ப?

ரூல்புக் ராணி
இருக்கு தம்பி. ஷோ காஸ்னு பேரு. நான் ஏழு வருஷம் ஒரு யுனிவர்சிட்டில, ரூல் மீறாம பாத்துக்கற கம்ப்ளையன்ஸ் ஆபீஸ்ல குப்பை கொட்டினவ, அதனால கொஞ்சம் சொல்றேன்.

ஷோ காஸ்னா நேரடித் தடை இல்ல. அந்த ஆளை எந்தக் காலேஜ் வேலைக்கு எடுத்தாலும் கமிட்டி முன்னாடி வந்து "ஏன் எங்களுக்கும் தண்டனை போடக்கூடாது"ன்னு விளக்கணும். எந்தக் காலேஜும் அந்த வம்புக்குப் போகாது, அதனால நடைமுறைல தடைதான். ஹார்பாவுக்கு கோவிட் நேரத்து ரெக்ரூட்டிங் (புது பசங்களை டீமுக்கு இழுக்கறது) கேஸ்ல ஏற்கனவே 4 வருஷம், அது முடிஞ்சதும் 2028 ஆகஸ்ட்லேர்ந்து இன்னொரு 10 வருஷம். ஸ்டாலியன்ஸுக்கு 8. கேக்க பயங்கரமா இருக்கும். ஆனா இதெல்லாம் காலேஜ் எல்லைக்குள்ள மட்டும்தான் செல்லும். என்.எஃப்.எல். டீமுக்கு இந்தக் காகிதம் வடை மடிக்கத்தான் ஆகும்.

என் வேலை என்ன தெரியுமா? ஒரு காலத்துல பசங்களுக்கு பேகல் குடுக்கலாம், அது நொறுக்குத்தீனி. மேல க்ரீம் சீஸ் தடவினா அது சாப்பாடு ஆயிடும், சாப்பாடு ஆயிட்டா ரூல் மீறல். இதையெல்லாம் உக்காந்து எழுதி பைல் பண்ணியிருக்கோம். 2014ல தான் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க. க்ரீம் சீஸை எண்ணிக்கிட்டு இருந்த அதே அமைப்புதான் பெரிய கேஸ்ல எல்லாம் கோட்டை விட்டுது.

ட்ரோஜன் தல
ஷோ காஸை விடுங்க மேடம், தப்பு நடந்தப்ப பொறுப்புல இருந்தவன் தீர்ப்பு வர்றதுக்குள்ள கழண்டுக்கறதுக்கு எங்க யு.எஸ்.சி. கதைதான் பாடபுத்தகம். எங்க ப்ளேயர் ரெஜி புஷ் 2005ல ஹெய்ஸ்மன் (வருஷத்தோட சிறந்த காலேஜ் ப்ளேயர் விருது) வாங்கினார். ஏஜென்ட் ஆகணும்னு ஆசைப்பட்டவங்க அவர் குடும்பத்துக்கு சான் டியாகோ பக்கம் வீடு முதக்கொண்டு குடுத்திருந்தாங்க. தீர்ப்பு வந்தது 2010 ஜூன்ல. புஷ் அப்ப என்.எஃப்.எல்.ல சூப்பர் பௌலே ஜெயிச்சாச்சு. கோச் பீட் கேரல் அதே வருஷம் ஜனவரில என்.எஃப்.எல். டீமான சியாட்டில் போயாச்சு. அப்ப மாட்டினது யாரு? 2005ல எட்டாவது ஒம்பதாவது படிச்சிட்டு இருந்த பசங்க. ரெண்டு வருஷம் பௌல் கிடையாது, மூணு வருஷத்துல 30 ஸ்காலர்ஷிப் கட். 2011ல 10-2 ஆடி பேசாம வீட்டுக்குப் போனோம்.

ஸ்காலர்ஷிப் கட்டுங்கறதை யாரும் யோசிச்சுப் பாக்கறதில்ல. 30 கட்டுன்னா 30 வீட்ல ஒரு பையனுக்கு ஃபீஸ் இல்லாம படிக்கிற வாய்ப்பு போச்சுன்னு அர்த்தம். அந்த 30 பேரு யாருன்னே யாருக்கும் தெரியாது, அவங்களுக்கே தெரியாது.

கடைசில காமெடி என்னன்னா 2021 ஜூலைலேர்ந்து ப்ளேயர் தன் பேரை வச்சு சம்பாதிக்கலாம்னு ரூலே மாறிடுச்சு, 2024 ஏப்ரல்ல புஷ்ஷுக்கு ஹெய்ஸ்மனை கையில திருப்பிக் குடுத்துட்டாங்க. எங்க 30 ஸ்காலர்ஷிப்பை யாரு திருப்பித் தருவா?

டல்லாஸ் தம்பி
எல்லாரும் அழுது முடிச்சீங்களா? நான் எஸ்.எம்.யு.ங்கற டல்லாஸ் யுனிவர்சிட்டி இருக்குற ஊர்க்காரன். இப்ப நான் அழறேன்.

1987 பிப்ரவரி 25. காலேஜ் ஃபுட்பால்ல ஒரே ஒரு தடவை போட்ட மரண தண்டனை, எங்களுக்குத்தான். 1987 சீசன் முழுசா ரத்து. 1988ல ஹோம் கேம் கிடையாதுன்னாங்க, மிச்சத்தையும் நாங்களே ரத்து பண்ணிட்டோம், ஆடுறதுக்கு ஆளே இல்ல. தடை வந்த அடுத்த நாள்லேர்ந்து நாட்டுல இருக்குற அத்தனை காலேஜ் கோச்சும் எங்க கேம்பஸ்ல, எழவு வீட்ல பாத்திரம் ஏலம் எடுக்க வந்த மாதிரி.

தப்பு பண்ணலன்னு சொல்லல. முன்னாடியே பல தடவை மாட்டி, 1985ல ப்ரொபேஷன் (கண்காணிப்புத் தண்டனை) போட்டதுக்கு அப்புறமும் ப்ளேயர்ஸுக்கு காசு குடுத்துட்டுதான் இருந்தாங்க. 13 ப்ளேயர்ஸுக்கு மொத்தம் 61,000 டாலர், ஒரு பூஸ்டர் (டீமுக்கு காசு கொட்டுற பணக்கார ரசிகர்) குடுத்த பணம், மாசம் 50லேர்ந்து 725 வரைக்கும். இதுல கொடுமை என்னன்னா, நிறுத்தினா பசங்க வெளிய போய் சொல்லிடுவாங்கன்னு பயந்து, அவங்க படிச்சு முடிச்சுப் போற வரைக்கும் குடுத்துட்டு மெதுவா நிறுத்திக்கலாம்னு மேல்மட்டத்துலயே முடிவு பண்ணியிருக்காங்க. அந்த முடிவுல இருந்தது போர்டு தலைவரா இருந்த பில் க்ளெமென்ட்ஸ். தண்டனை வந்தப்ப அவர் யாரு தெரியுமா? டெக்சாஸ் கவர்னர்! மார்ச்ல பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு ஆமா எனக்குத் தெரியும்னு ஒத்துக்கிட்டார். பதவிக்காலம் முடியற வரைக்கும் கவர்னராவே இருந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

1989ல திரும்பி வந்தாங்க. பாதிக்கு மேல முதல் வருஷப் பசங்க, உடம்புல சதையே இல்லாத பசங்க. ஹூஸ்டன்கிட்ட 95-21. தொண்ணூத்தஞ்சு! அந்த ஹூஸ்டன் டீமும் அந்த வருஷம் ப்ரொபேஷன்ல, டிவில வரக்கூடாது பௌல் ஆடக்கூடாது, அதுவும் பழைய கோச் காலத்துத் தப்புக்கு. யாரோ பண்ணதுக்கு தண்டனை வாங்கின ரெண்டு டீமு, ஒருத்தனை ஒருத்தன் அடிச்சுக்கிட்டான். 1984க்கு அப்புறம் எங்களுக்கு அடுத்த பௌல் கேம் 2009ல. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு.

இப்ப கேளுங்க. 2023 செப்டம்பர்ல ஏ.சி.சி.ங்கற பெரிய லீக் கூப்பிட்டுச்சு, ஒம்பது வருஷம் டிவி பணம் வேண்டாம்னு சொல்லி சேர்ந்தோம், சேர்ந்த ஒரே வாரத்துல எங்க பூஸ்டருங்க 10 கோடி டாலர் குடுத்தாங்க, பத்திரிகையெல்லாம் பாராட்டி எழுதுனான். 61,000க்கு கொன்னாங்க, 10 கோடிக்கு மாலை போட்டாங்க.

சோழிங்கநல்லூர் சோம்பேறி
யோவ் இது படமா எடுக்கலாம்யா

ஹாப்பி வேலி மாமா
தம்பிகளா, நான் பென் ஸ்டேட் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன். உங்க கதையெல்லாம் காசு, டாட்டூ, சிக்னல். எங்க ஊர்ல நடந்தது வேற. எங்க முன்னாள் உதவி கோச் சண்டஸ்கி கேஸ்ல குழந்தைகளுக்கு நடந்ததை இங்க எழுத எனக்கு கை வரல. 2012 ஜூன்ல 45 குற்றச்சாட்டுல குற்றவாளின்னு ஜூரி சொல்லுச்சு. ஜூலைல என்.சி.ஏ.ஏ. வந்துச்சு: 6 கோடி டாலர் அபராதம், நாலு வருஷம் பௌல் தடை, ஸ்காலர்ஷிப் வெட்டு, 1998லேர்ந்து 2011 வரைக்கும் ஜெயிச்ச 112 மேட்ச் ரத்து.

அந்த 6 கோடி குழந்தைகள் பாதுகாப்புக்குப் போகணும்னாங்க, அது சரி, அதுல எனக்கு ஒரு மாற்றுக்கருத்தும் இல்ல. 112 வெற்றியை அழிச்சது யாருக்கு ஆறுதல்? 2003ல எவனோ ஒரு பையன் ஓடி எடுத்த டச்டவுனை புத்தகத்துல அடிச்சுட்டா அந்தக் குழந்தைக்கு என்ன திரும்பக் கிடைக்கும்? அதையும் 2015 ஜனவரில கோர்ட் கேஸ் சமாதானத்துல திருப்பிக் குடுத்துட்டாங்க, பௌல் தடையை அதுக்கு முன்னாடியே 2014ல எடுத்துட்டாங்க. கோவத்துல போட்ட தண்டனை, கோவம் ஆறினதும் கரைஞ்சு போச்சு. எனக்கு ரெண்டு பக்கமும் வருத்தம்தான்.

அப்புறம் டல்லாஸ் தம்பி, 2024 டிசம்பர்ல பிளேஆஃப்ல உங்களை 38-10 அடிச்சது எங்க பசங்க. சொல்லாம இருக்க முடியல, மன்னிச்சுக்கோ.

டல்லாஸ் தம்பி
மாமா நீங்களுமா 😭

கொலம்பஸ்காரன்
மாமா சொன்னதுதான் என் பாயிண்ட். வெற்றியை அழிக்கறது சுத்த ஏமாத்து வேலை. எங்க 2010 சீசன் வெற்றியெல்லாம் காகிதத்துல இல்ல. ஆர்கன்சாஸை 31-26 ஜெயிச்ச சுகர் பௌலை நான் நேர்ல பாத்தேனே, என் கண்ணையும் ரத்து பண்ணுவாங்களா? இன்னொரு கூத்து, டாட்டூ விஷயம் 2010 டிசம்பர்லயே வெளிய வந்துடுச்சு, ஆனா அந்த அஞ்சு பேரையும் சுகர் பௌல் ஆடவிட்டுட்டு தண்டனையை அடுத்த சீசனுக்குத் தள்ளினாங்க. டிவி வருமானம் உள்ள மேட்ச்னா தப்பு கூட வரிசைல நிக்கும்.

ரூல்புக் ராணி
தனி ஆள் தண்டனைலயும் ஒரே அளவுகோல் கிடையாது. ஸ்டார் ப்ளேயர் ஜானி மான்செல், காசுக்கு ஆட்டோகிராஃப் போட்டதா சொன்ன விவகாரத்துல 2013ல அரை மேட்ச் தடை. அரை! அடுத்த வருஷம் ஜார்ஜியா ப்ளேயர் டாட் கர்லி, அதே ஆட்டோகிராஃப், 3,000 டாலர் சொச்சம், நாலு மேட்ச். மான்செல் கேஸ்ல காசு வாங்கினதுக்கு ஆதாரம் இல்லன்னாங்க, சரி. டெஸ் ப்ரையன்ட்ங்கற ப்ளேயர் 2009ல பழைய என்.எஃப்.எல். ஸ்டார் டியான் சாண்டர்ஸ் வீட்டுக்குப் போனது ரூல்படி தப்பே இல்ல, ஆனா பயத்துல போகலன்னு பொய் சொல்லிட்டான், சீசனே போச்சு. இங்க மிச்சிகன்ல ஹார்பாவுக்கு உதவி கோச்சா இருந்த ஷெரோன் மூர் ஸ்டாலியன்ஸோட பேசின 52 மெசேஜை அழிச்சார், ஸ்டாலியன்ஸ் ஃபோனையே குளத்துல போட்டான். மூருக்கு மொத்தம் மூணு மேட்ச், அதுல ரெண்டு காலேஜே போட்டது. இருபது வயசுப் பையன் பதறிப்போய் சொன்ன பொய்க்கு என்ன விலை, சம்பளம் வாங்குற கோச் அழிச்ச மெசேஜுக்கு என்ன விலைன்னு நீங்களே பாத்துக்கோங்க.

இதையும் கேளுங்க. நோட்ர டேம்ல ஒரு ஸ்டூடன்ட் ட்ரெய்னர் சில ப்ளேயர்ஸுக்கு அசைன்மென்ட் பண்ணிக் குடுத்ததை காலேஜே கண்டுபிடிச்சு காலேஜே சொல்லுச்சு. 2012, 2013 ரெண்டு சீசன்ல 21 வெற்றி போச்சு. நார்த் கரோலினால 18 வருஷமா வகுப்பே நடக்காத வகுப்புல 3,100 பேருக்கு மேல படிச்சதா கணக்கு, அதுல நிறைய ஸ்போர்ட்ஸ் பசங்க. 2017ல என்.சி.ஏ.ஏ. என்ன சொல்லுச்சு தெரியுமா, அந்த வகுப்பு ப்ளேயர்ஸுக்கு மட்டுமில்ல எல்லா ஸ்டூடன்ட்டுக்கும் திறந்திருந்தது, அதனால எங்க ரூல்ல வராதுன்னு. காலேஜுக்கு ஒரு தண்டனையும் இல்ல. இதுக்கு அப்புறம் எங்க ஆபீஸ்ல "நாமளே போய் சொல்லிடலாம்"னு நான் வாயைத் திறந்தா வக்கீல் என்னை ஒரு பார்வை பாப்பார்.

ஆன் ஆர்பர் அடியேன்
சரி, எல்லாரும் புலம்பறீங்க, என்ன பண்ணணும்னு ஒருத்தரும் சொல்லல. பசங்களை விட்டுட்டு பணத்தை எடு, ஆளைப் பிடின்னு எங்க தீர்ப்பு சொல்லுது. இதுதானே நீங்க எல்லாம் கேட்டது?

ட்ரோஜன் தல
ஆளைப் பிடிக்கலையே! ஹார்பா சார்ஜர்ஸ்ல ஜாலியா இருக்காரே.

ஆன் ஆர்பர் அடியேன்
அதுக்கும் முன்மாதிரி இருக்கு, அதுவும் கொலம்பஸ் அண்ணனோட டீம்லேர்ந்தே. 2011ல ப்ரையர் காலேஜை விட்டு என்.எஃப்.எல். போனப்ப, காலேஜ்ல இருந்த அஞ்சு மேட்ச் தடையை அப்படியே அங்கயும் அனுபவிக்கணும்னு லீக் சொல்லிடுச்சு. அப்ப ஓஹியோ ஸ்டேட் கோச்சா இருந்த ட்ரெஸ்ஸல் என்.எஃப்.எல். டீமான கோல்ட்ஸ்ல ஒரு வேலைல சேர்ந்தப்ப, முதல் ஆறு மேட்சுக்கு வரமாட்டார்னு அந்த டீமே சொல்லுச்சு. அதாவது மனசிருந்தா முடியும். 22 வயசுப் பையன்கிட்ட இருந்த மனசு பெரிய கோச்சுங்ககிட்ட வரலங்கறதுதான் விஷயம். ட்ரெஸ்ஸல் அப்புறம் ஒரு யுனிவர்சிட்டிக்கு ப்ரெசிடென்ட் ஆகி, இப்ப ஓஹியோவுக்கே லெப்டினென்ட் கவர்னர். வாழ்க.

டல்லாஸ் தம்பி
கவர்னர் கணக்குல ரெண்டாவது விக்கெட் 😂

கொலம்பஸ்காரன்
ட்ரெஸ்ஸல் நல்ல மனுஷன்யா. சரி, ஈமெயில்ல எல்லாம் தெரிஞ்சும் ஒண்ணும் தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டார், ஒத்துக்கறேன். ஆனா நல்ல மனுஷன்.

பணம் விஷயத்துக்கு வரேன். 2025லேர்ந்து காலேஜுங்க ப்ளேயர்ஸுக்கு நேரடியாவே பங்கு குடுக்கலாம், முதல் வருஷம் 2.05 கோடி டாலர் வரைக்கும். அப்ப உங்க அபராதம் ஒரு டீமை ஒரு வருஷம் வச்சுக்கற செலவு. அந்த விலைக்கு நேஷனல் சாம்பியன்ஷிப் கிடைக்கும்னா எத்தனை காலேஜ் செக் எழுதும்னு நெனக்கிறீங்க? இது அபராதம் இல்ல ப்ரோ, டிக்கெட் விலை.

ஹாப்பி வேலி மாமா
அந்த அபராதத்தையும் ஹார்பா கட்டப்போறதில்ல. காலேஜ் கட்டும். காலேஜ்னா யாரு? காசு வராத நீச்சல் டீம், மல்யுத்த டீம்னு எங்கயாவது ஒரு இடத்துல கைவச்சுத்தான் சரிக்கட்டுவாங்க. மறுபடியும் சம்பந்தமில்லாத பசங்க தலையிலதான் விடியும்.

ரூல்புக் ராணி
மாமா சொல்றது நடக்கும். கோச் கான்ட்ராக்ட்லயே எழுதணும், பெரிய கேஸ்ல மாட்டினா வாங்கின போனஸைத் திருப்பிக் கட்டணும்னு, காலேஜை விட்டுப் போனாலும் கட்டணும்னு. கான்ட்ராக்ட் ஊர் எல்லை பாக்காது. ஆனா அப்படி எழுதற காலேஜுக்கு எந்தக் கோச் வருவார், எழுதாத பக்கத்துக் காலேஜுக்குப் போயிடுவார். எல்லாரும் ஒரே நாள்ல எழுதணும், அது நடக்காது, ஏன்னா எல்லாருக்கும் சனிக்கிழமை ஜெயிக்கணும்.

ஆன் ஆர்பர் அடியேன்
கொலம்பஸ் அண்ணே, ஒரே ஒரு கேள்வி, நேர்மையா பதில் சொல்லுங்க. 2012 ஆகஸ்ட்ல உங்ககிட்ட வந்து, பௌல் தடையை எடுத்துடறோம், அதுக்குப் பதிலா 3 கோடி கட்டுன்னு சொல்லியிருந்தா?

கொலம்பஸ்காரன்
(பத்து நிமிஷமா டைப் பண்ணி அழிச்சிட்டு இருக்கேன்.)

கட்டச் சொல்லியிருப்பேன். உண்டியல் குலுக்கியாவது கட்டச் சொல்லியிருப்பேன். அந்த 12-0 டீம்ல சீனியரா இருந்த பசங்க கடைசி மேட்ச் உங்களை 26-21 ஜெயிச்சுட்டு, அடுத்து ஆட மேட்ச் இல்லாம க்ரவுண்ட்லயே நின்னுட்டு இருந்தாங்க, நான் ஸ்டாண்ட்ல இருந்து பாத்தேன்.

ஆனா கோப்பை உங்களுதுன்னு இப்பவும் ஒத்துக்க மாட்டேன்.

ஆன் ஆர்பர் அடியேன்
ஒத்துக்க வேணாம். நவம்பர் கடைசி சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க, பிரியாணி எங்க வீட்டம்மா கையால.

கொலம்பஸ்காரன்
வரேன். டிவி என் பக்கத்து சோஃபாவுலேர்ந்து தெரியணும்.